டிவிஷன் ஏறும் அமெரிக்கக் கல்லூரிகள்: வரவு என்ன, செலவு என்ன, பாரம் யார் தலையில்?

அமெரிக்கக் கல்லூரி ஒன்று தன் விளையாட்டு அணிகளை மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று அறிவிக்கும் நாளில் மேடை, பேண்டு வாத்தியம், புது டி-ஷர்ட் எல்லாம் தயாராக இருக்கும். அதற்கு ஆகும் பணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. பிள்ளையை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோர், மேற்படிப்புக்குக் கிளம்பும் மாணவர்கள், கல்லூரி விளையாட்டை ஆர்வத்தோடு பார்ப்பவர்கள் ஆகியோருக்கு எழக்கூடிய கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே போக ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் அதற்கான பணத்தில் பெரும்பகுதியைக் கட்டுபவர்கள் மைதானத்துப் பக்கமே போகாத மாணவர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கீழே உள்ள பதில்களில் இந்தக் கவலை அடிக்கடி வரும்.

தொகைகள் எல்லாம் டாலரில். ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால்.

டிவிஷன் என்றால் என்ன? எதிலிருந்து எதற்கு ஏறுகிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பெருமளவு நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. சுமார் 1,100 கல்லூரிகள் அதில் இருக்கின்றன. 1973-இல் இவற்றை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தார்கள். டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. டிவிஷன் 2-இல் கொடுக்கலாம், ஆனால் அளவோடு. பெரிய டிவி பணமும் பெரிய பெயரும் டிவிஷன் 1-இல்தான். அதற்குள்ளேயே ஃபுட்பாலுக்கு மட்டும் 1978-இல் இன்னொரு பிரிவு வந்தது. மேல் தட்டுக்கு எஃப்பிஎஸ், அடுத்த தட்டுக்கு எஃப்சிஎஸ் என்று 2006 முதல் பெயர்.

ஆக, ஏற்றம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மொத்தக் கல்லூரியும் டிவிஷன் 2-இலிருந்து டிவிஷன் 1-க்குப் போவது. இன்னொன்று, ஏற்கெனவே டிவிஷன் 1-இல் இருக்கும் கல்லூரி தன் ஃபுட்பாலை எஃப்சிஎஸ்-இலிருந்து எஃப்பிஎஸ்-க்கு உயர்த்துவது.

இங்கிலாந்து லீக் கால்பந்தில் முதலிடம் பிடித்தால் மேலே, கடைசியில் வந்தால் கீழே என்று ஒரு முறை இருக்கிறதே, அது இங்கே கிடையாது. எத்தனை கோப்பை வாங்கினாலும் தானாக மேலே போக முடியாது. ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரிகள் சேர்ந்து அமைத்த லீக், ‘எங்களோடு வா’ என்று அழைக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அழைப்பு இல்லாமலேயே எஃப்பிஎஸ்-க்குப் போக விலக்கு கேட்டது. 2025 ஜூனில் என்சிஏஏ மறுத்துவிட்டது.

உள்ளே நுழைவதற்கே எவ்வளவு கட்ட வேண்டும்?

எஃப்சிஎஸ்-இலிருந்து எஃப்பிஎஸ்-க்கு விண்ணப்பக் கட்டணம் பல காலம் வெறும் 5,000 டாலர். 2023 அக்டோபரில் அதை 50 லட்சம் டாலர் ஆக்கினார்கள். ஆயிரம் மடங்கு. கென்னசா ஸ்டேட் அதற்கு முன்பே முடிவெடுத்ததால் தப்பித்தது. 2025-இல் மேலே வந்த டெலவேருக்கும் மிசௌரி ஸ்டேட்டுக்கும் புதுக் கட்டணம்தான்.

டிவிஷன் 2-இலிருந்து 1-க்கு வர விரும்பும் கல்லூரியும் 2011-க்குப் பிறகு 10 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது.

இதோடு முடிவதில்லை. பழைய கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறவும் பணம், புதியதில் சேரவும் பணம். சில சமயம் பழைய கான்ஃபரன்ஸ் பணத்தைத் தாண்டியும் தண்டிக்கும். வர்ஜீனியா மாநிலத்தின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2021-இல் சன் பெல்ட் கான்ஃபரன்ஸுக்குப் போகிறோம் என்று அறிவித்ததும், அதன் பழைய கான்ஃபரன்ஸ் தன் விதியைக் காட்டி அந்த ஆண்டு முழுவதும் அதன் அணிகளைச் சாம்பியன்ஷிப் போட்டிகளிலிருந்து தள்ளிவைத்தது. சில மாதங்களுக்கு முன்புதான் அதன் பெண்கள் சாஃப்ட்பால் அணி தேசிய இறுதிச் சுற்று வரை போய் நாடே பேச வைத்திருந்தது. ஃபுட்பாலுக்காக எடுத்த முடிவு. அதன் விலையில் ஒரு பங்கை அந்தப் பெண்களும் கொடுத்தார்கள்.

சரி, உள்ளே போன பிறகு ஆண்டுக்கு ஆண்டு எது கூடுகிறது?

முதலில் ஸ்காலர்ஷிப். பல காலம் டிவிஷன் 2 ஃபுட்பாலுக்கு உச்சவரம்பு 36 முழு ஸ்காலர்ஷிப், எஃப்சிஎஸ்-க்கு 63, எஃப்பிஎஸ்-க்கு 85. 63-இலிருந்து 85-க்குப் போனால் கூடுவது 22 பேருக்கான படிப்புச் செலவு மட்டும்தானே என்று தோன்றும். அங்கேதான் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம் வருகிறது. ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் அது. ஆண்களுக்கு ஸ்காலர்ஷிப் கூடினால் பெண்களுக்கும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும், தேவைப்பட்டால் புதுப் பெண்கள் அணியே தொடங்க வேண்டும். இது நல்ல சட்டம், அதனால் வரும் செலவும் நியாயமானது. ஆனால் அறிவிப்பு நாளில் காட்டும் கணக்கில் இதைப் பல கல்லூரிகள் குறைத்தே காட்டுகின்றன.

2023 மாற்றத்தில் இன்னொரு விதியும் வந்தது. எஃப்பிஎஸ்-இல் இருக்க வேண்டுமானால் குறைந்தது 16 விளையாட்டுகள் நடத்தி, மொத்தம் 210 ஸ்காலர்ஷிப்பாவது கொடுத்து, அதற்கு ஆண்டுக்கு 60 லட்சம் டாலராவது செலவழிக்க வேண்டும் என்கிறது அது.

இரண்டாவது, பயணம். இதை மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தை வைத்துப் பார்த்தால் புரியும். அது டிவிஷன் 3-இல் பெரும்பாலும் மினசோட்டா மாநிலத்துக் கல்லூரிகளோடுதான் விளையாடிக்கொண்டிருந்தது. 2017-இல் செயின்ட் ஓலஃப் கல்லூரியை ஃபுட்பாலில் 97-0 என்று தோற்கடித்தது. இப்படிப் பலமுறை ஒருதலைப்பட்சமாக முடிந்ததும், ‘நீங்கள் எங்களுக்குச் சரிப்பட மாட்டீர்கள்’ என்று 2019-இல் அந்தக் கான்ஃபரன்ஸே அதை வெளியே அனுப்பியது. 2021-இல் நேராக டிவிஷன் 1. முன்பு ஒரு ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் மத்தியானம் பேருந்தில் ஏறி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஏறிய பிறகு அதன் பெண்கள் வாலிபால் அணி டென்வருக்கும் ஓக்லஹோமாவின் டல்சாவுக்கும் போக வேண்டியிருந்தது. டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, தவறிய வகுப்புகளுக்குத் தனி ஆசிரியர். இது ஒரு அணிக்கு. கல்லூரியில் இருபது அணிகள்.

மூன்றாவது, ஆட்கள். துணைப் பயிற்சியாளர்கள், உடற்பயிற்சி நிபுணர், சத்துணவு நிபுணர், விதிமுறைகளைக் கவனிக்க ஒரு அலுவலகம், டிக்கெட் விற்க ஒரு அலுவலகம். அறிவிப்பு வரும் நாளில் இவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஆனால் மாதச் சம்பளம் ஒவ்வொரு மாதமும் போகும்.

நான்காவது, கட்டடம். செயின்ட் தாமஸுக்கு லீ ஆண்டர்சன், பென்னி ஆண்டர்சன் தம்பதி 2023-இல் 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்த நன்கொடையை வைத்துத் தொடங்கிய அரங்கத்துக்கு 17 கோடி டாலருக்கு மேல் ஆனது. 2025-இல் திறந்தார்கள். இப்படிக் கொடுக்க ஆள் இல்லாத கல்லூரி கடன் பத்திரம் வெளியிட்டு, 20, 30 ஆண்டுகள் வட்டி கட்டும்.

ஸ்காலர்ஷிப் உண்மையில் செலவுதானா? கல்லூரி தன் பணத்தைத் தனக்கே கொடுத்துக்கொள்கிறதே?

நல்ல கேள்வி. பதில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

வகுப்பில் காலி இடம் நிறைய இருக்கும் கல்லூரியில், ஒரு விளையாட்டு வீரரை இலவசமாகச் சேர்த்தால் புதிதாகப் பெரிய செலவு இல்லை. விளையாட்டுத் துறை கணக்கில் ஸ்காலர்ஷிப் என்று எழுதும் பணம் அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு கணக்கில் வரவாகப் போய்ச் சேரும். அந்த அளவுக்குச் செலவு பெரிதாகத் தெரியும், உண்மையில் அவ்வளவு இருக்காது.

ஆனால் சிறிய தனியார் கல்லூரிகளில் கதை தலைகீழ். டிவிஷன் 3-இலும் டிவிஷன் 2-இலும் ஃபுட்பால் அணியே ஒரு வருமான வழி. நூறு பையன்கள் விளையாட வருகிறார்கள். டிவிஷன் 2-இல் அந்த 36 ஸ்காலர்ஷிப்பை நூறு பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள், மீதிக் கட்டணத்தைப் பெற்றோர் கட்டுவார்கள். அணி இல்லாவிட்டால் அந்தப் பையன்களில் பலர் அந்தக் கல்லூரிக்கு வந்திருக்கவே மாட்டார்கள். மேலே ஏறினால் அந்த இடங்களில் பல முழு இலவசமாக மாறும். கட்டணம் கட்டிக்கொண்டிருந்த மாணவர் போய், கல்லூரியே கட்டிப் படிக்க வைக்கும் மாணவர் வருகிறார். வரவும் போகிறது, செலவும் கூடுகிறது. சிறிய கல்லூரிகள் டிவிஷன் ஏற நினைக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

இதனால்தான் செயின்ட் தாமஸ் ஃபுட்பாலை மட்டும் பயனியர் லீகில் வைத்தது. டிவிஷன் 1-இலேயே ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்காத லீக் அது. யோசித்துச் செய்த வேலை.

ஏறிய உடனே பெரிய போட்டிகளில் விளையாடலாமா?

முடியாது. டிவிஷன் 2-இலிருந்து வருபவர்களுக்கு நான்கு ஆண்டு காத்திருப்பு இருந்தது. 2025 ஜனவரியில், சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் மூன்று ஆண்டு போதும் என்று குறைத்தார்கள். எஃப்பிஎஸ்-க்குப் போகும் ஃபுட்பால் அணிக்கு இரண்டு ஆண்டு. அதுவரை செலவெல்லாம் மேல் டிவிஷன் செலவு, பரிசுப் பணமோ வராது.

மாசசூசெட்ஸின் மெரிமாக் கல்லூரிக்கு நடந்ததைக் கேளுங்கள். 2019-இல் டிவிஷன் 1-க்கு வந்தது. 2023 மார்ச்சில் அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சனை 67-66 என்று வென்றது. ஜெயித்தவர்கள் தேசியப் போட்டிக்குப் போக வேண்டும். ஆனால் மெரிமாக்குக்கு அது காத்திருப்பின் நான்காம் ஆண்டு. அதனால் தோற்ற ஃபேர்லி டிக்கின்சன் போனது. போய், முதல் தர வரிசை பெற்றிருந்த பர்ட்யூவை 63-58 என்று சாய்த்தது. அமெரிக்கக் கூடைப்பந்து வரலாற்றிலேயே பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது. கெண்டக்கியின் பெலர்மைனுக்கும் 2022-இல் இதே கதி. கான்ஃபரன்ஸ் பட்டத்தை வென்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீரருக்கு விளையாடக் கிடைப்பதே நான்கு ஆண்டுகள்தான் என்பதை நினைத்தால் இது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வருமானம் எங்கிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்?

கூடைப்பந்தில் ‘யூனிட்’ என்று ஒரு கணக்கு. தேசியப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஆட்டங்களுக்கு ஏற்ப அதன் கான்ஃபரன்ஸுக்கு யூனிட் சேரும். ஒரு யூனிட் ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் கொண்டுவரும். கேட்கப் பெரிய தொகை. ஆனால் அது கான்ஃபரன்ஸுக்குப் போய், அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்குப் பிரிகிறது.

ஃபுட்பாலில் பிளேஆஃப், அதாவது தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று ஆட்டங்களின் டிவி பணம். விளையாட்டு டிவி நிறுவனமான இஎஸ்பிஎன் 2026 முதல் ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. பங்கு பிரித்ததைப் பாருங்கள். எஸ்இசி, பிக் டென் என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களும் தலா 29 சதவீதத்துக்குப் பக்கம் எடுத்துக்கொண்டன. ஜேம்ஸ் மேடிசன் போன்ற புதியவர்கள் இருக்கும் ஐந்து சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கும் சேர்த்து சுமார் 9 சதவீதம்.

டிக்கெட், நன்கொடை, விளம்பரம் எல்லாம் உண்டு. ஆனால் பல சிறிய கல்லூரிகளின் நிஜமான ரொக்க வருமானம் வேறு. பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய்த் தோற்றுவிட்டு வருவதற்கு வாங்கும் பணம் அது.

தோற்பதற்குப் பணமா?

ஆமாம், ‘கேரண்டி கேம்’ என்பார்கள். பெரிய அணிக்குச் சொந்த மைதானத்தில் ஒரு சுலபமான வெற்றி வேண்டும், சிறிய அணிக்குப் பணம் வேண்டும்.

ஜார்ஜியாவின் சவானா ஸ்டேட் கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த பழைய கல்லூரிகளில் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் டிவிஷன் 1-க்கு வந்தது. 2012 செப்டம்பர் 1 அன்று ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0 என்று தோற்றது. அடுத்த வாரம் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0. இரண்டாவது ஆட்டத்தை மின்னல் காரணமாக மூன்றாம் கால்பகுதியிலேயே நிறுத்தினார்கள், இல்லையென்றால் இன்னும் போயிருக்கும். இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து 8.6 லட்சம் டாலர். அந்தப் பணத்தில்தான் மற்ற அணிகளின் பயணமும் சீருடையும் ஓட வேண்டும். அந்த இளைஞர்கள் தங்களைவிட 20, 30 கிலோ அதிக எடையுள்ளவர்களோடு முட்டி மோதி அந்தப் பணத்தைச் சம்பாதித்தார்கள். 2019-இல் சவானா ஸ்டேட் டிவிஷன் 2-க்கே திரும்பியது. அதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். தைரியமான முடிவு.

எப்போதாவது சிறிய அணி ஜெயிக்கவும் செய்யும். 2024-இல் நார்தர்ன் இல்லினாய், 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு நோட்டர் டேமின் மைதானத்துக்குப் போய் ஆட்டத்தையும் ஜெயித்து வந்தது.

மொத்தத்தில் லாபம் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

2019 கணக்கை வைத்து என்சிஏஏவே வெளியிட்டது: 1,100 கல்லூரிகளில் 25-தான் விளையாட்டில் செலவை விட அதிகம் ஈட்டின. அத்தனையும் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவை.

அதே கணக்கில், எஃப்சிஎஸ் கல்லூரிகளின் இடைநிலைப் பற்றாக்குறை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை, சுமார் 1.4 கோடி டாலர். எஃப்பிஎஸ்-இன் சிறிய கான்ஃபரன்ஸ்களில் அது 2.3 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு படி மேலே ஏறினால் பள்ளம் மூடும் என்று சொல்லித்தான் ஏறுகிறார்கள். ஏறிய இடத்தில் பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறது.

அந்தப் பள்ளத்தை நிரப்புவது யார்?

மாணவர்கள். கல்லூரியின் பொது நிதியும் ஒரு பங்கு கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்திலிருந்து வருவதுதான்.

ஜேம்ஸ் மேடிசனில் ஒவ்வொரு மாணவரும் கட்டும் கட்டாயக் கட்டணத்தில் விளையாட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் போகிறது. நான்கு ஆண்டில் 8,000. உயிரியல் ஆய்வகத்தில் ராத்திரி பகலாக உழைக்கும் பெண்ணும் கட்டுகிறார், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பையனும் கட்டுகிறார். கடன் வாங்கிப் படிப்பவர் என்றால் இதற்கும் வட்டி உண்டு. அந்த மாணவர் முப்பத்தைந்து வயதில் வீட்டுக் கடனோடு சேர்த்து, தான் ஒருமுறைகூடப் பார்க்காத ஆட்டத்துக்கான தவணையையும் கட்டிக்கொண்டிருப்பார். இதைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக இருக்க முடிவதில்லை.

இந்த விஷயத்தில் வர்ஜீனியா மாநிலத்தைப் பாராட்ட வேண்டும். 2015-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை, மாணவர் கட்டணத்தையும் கல்லூரி நிதியையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு உச்சவரம்பு. எஃப்சிஎஸ் என்றால் 70 சதவீதம், எஃப்பிஎஸ்-இன் சிறிய கான்ஃபரன்ஸ் என்றால் 55, பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் 20. ஜேம்ஸ் மேடிசன் மேலே போவதற்கு முன் மாநில அளவிலான ஒரு குழுவின் முன் கணக்கைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. வரம்பு இன்னும் இறுக்கமாக இருக்கலாம் என்பேன், ஆனால் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. பல மாநிலங்களில் அறங்காவலர் குழு ஒரு கூட்டத்தில் கைதூக்கினால் போதும்.

ஆனால் விளம்பரம் கிடைக்குமே? விண்ணப்பங்கள் கூடாதா?

கூடும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் சிக்கல்.

1984 நவம்பரில் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி மயாமிக்கு எதிராகக் கடைசி நொடியில் எறிந்த பந்து ஆட்டத்தை 47-45 என்று வென்று கொடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விண்ணப்பங்கள் சுமார் 30 சதவீதம் கூடின. அன்றிலிருந்து ‘ஃப்ளூட்டி விளைவு’ என்று பெயரே வந்துவிட்டது. டிவிஷன் ஏற வேண்டும் என்று வாதாடும் எந்த அறிக்கையிலும் இது இருக்கும். பாஸ்டன் கல்லூரி அந்த ஆண்டுகளில் விடுதிகளும் வகுப்புகளும் கட்டிக்கொண்டிருந்தது, விண்ணப்பம் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது என்பதை அறிக்கைகள் விட்டுவிடும்.

போப் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபுட்பாலிலோ கூடைப்பந்திலோ பெரிய வெற்றி பெற்றால் விண்ணப்பம் 2 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார்கள். இது உண்மையான ஆதாயம்தான். ஆனால் கவனியுங்கள், அது வெற்றிக்குக் கிடைப்பது. டிவிஷன் மாறியதற்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. ஒரு கான்ஃபரன்ஸில் பத்துக் கல்லூரி இருந்தால் ஒன்றுதான் முதலில் வரும், செலவு பத்துக்கும் உண்டு.

ஏறி நன்றாக வந்தவர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பாய்ஸி ஸ்டேட் 1996-இல் ஃபுட்பாலின் மேல் தட்டுக்கு வந்தது. 2007-இல் ‘ஃபியஸ்டா போல்’ என்ற சீசன் முடிவுப் பெரிய ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 43-42 என்று வென்றதை இன்றும் பேசுகிறார்கள். வட கரோலினாவின் மலையூரான பூனில் இருக்கும் அப்பலேச்சியன் ஸ்டேட், 2007-இல் 4 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு மிஷிகனுக்கு ஆடப் போய் 34-32 என்று ஜெயித்தது. ஏழு ஆண்டு பொறுத்து, 2014-இல்தான் எஃப்பிஎஸ்-க்குப் போனது. ஜேம்ஸ் மேடிசன் 2022-இல் ஏறி, 2025 சீசனில் தேசிய பிளேஆஃபுக்கே போய் ஓரிகனிடம் தோற்றது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஏறுவதற்கு முன்பே அவர்கள் கீழ் மட்டத்தில் வலுவானவர்கள், மைதானம் கட்டி முடித்தவர்கள், ஊர் மக்கள் டிக்கெட் வாங்கி வருபவர்கள். ஜேம்ஸ் மேடிசன் தன் மைதானத்தை 25,000 பேர் அமரும் அளவுக்கு 2011-இலேயே பெரிதாக்கியிருந்தது.

வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. 2023-இல் ஜேம்ஸ் மேடிசன் 11 ஆட்டங்கள் ஜெயித்ததும் அதன் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியை இண்டியானா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அவரோடு பத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் போனார்கள். இப்போதைய விதிப்படி வீரர்கள் உடனே மாறிக்கொள்ளலாம். சிறிய கல்லூரி வளர்த்து எடுப்பதைப் பெரிய கல்லூரி எடுத்துக்கொண்டு போகும்.

இறங்கியவர்கள் கதை என்ன?

ஐடஹோ பல்கலைக்கழகம் பாய்ஸி ஸ்டேட்டோடு அதே 1996-இல் மேலே வந்தது. உள்ளரங்க மைதானம் 16,000 பேருக்குத்தான். ஊர் சிறியது. சன் பெல்ட் கான்ஃபரன்ஸ் 2016-இல் ‘இனி வேண்டாம்’ என்றதும் போக இடமில்லை. 2018-இல் எஃப்சிஎஸ்-க்கு இறங்கியது. எஃப்பிஎஸ்-இலிருந்து தானாக முடிவெடுத்து இறங்கிய முதல் கல்லூரி. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2012-இல் எஃப்பிஎஸ்-க்கு வந்தபோது ஆட்டங்களை ஆம்ஹர்ஸ்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி ஜில்லெட் ஸ்டேடியத்தில் வைத்தார்கள். மாணவர்கள் அவ்வளவு தூரம் வரவில்லை. 2015 சீசனோடு கான்ஃபரன்ஸையும் இழந்து, ஒன்பது சீசன் தனியாக அலைந்து, 2025-இல்தான் மீண்டும் உள்ளே வந்தது.

கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் முதன்முறையாகத் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் போனது. அதற்குத்தான் அத்தனை ஆண்டு ஏங்கியிருந்தார்கள். இரண்டே மாதத்தில், மே மாதம், டிவிஷன் 3-க்கு இறங்குகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. ஆண்டுக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று ஆலோசனை நிறுவனம் ஒன்று கணக்குக் கொடுத்திருந்தது. வீரர்கள் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் 2025 மார்ச்சில் தேசியப் போட்டியில் ஆடி ஒரு வாரத்துக்குள் அதே முடிவை எடுத்தது.

இறங்குவதில் பணம் மிச்சமாகும், ஆனால் எல்லாம் ஒரே நாளில் நிற்காது. கட்டடக் கடன் இருக்கும், பயிற்சியாளர் ஒப்பந்தம் இருக்கும், கோபத்தில் நன்கொடையை நிறுத்தியவர்கள் இருப்பார்கள்.

2025 தீர்ப்பு எதை மாற்றியது?

கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். இனி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பழைய வீரர்களுக்கு இழப்பீடாக பத்து ஆண்டில் 280 கோடி டாலர்.

வீரர்களுக்கு இது காலம் கடந்து கிடைத்த நியாயம். ஆனால் அந்த இழப்பீட்டின் ஒரு பங்கை, டிவிஷன் 1 கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் என்சிஏஏ ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். சிறிய கல்லூரிகளுக்கும் அந்தப் பிடித்தம் உண்டு. இன்று டிவிஷன் ஏறத் திட்டமிடும் எவரும் 2015-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர் இந்தக் கட்டணத்தைத் தவிர்க்க முடியுமா?

கட்டாயக் கட்டணம் என்றால் பொதுவாக எல்லோருக்கும்தான், சென்னையிலிருந்து எம்எஸ் படிக்க வந்தவருக்கும். பல இடங்களில் அதற்குப் பதிலாக ஆட்டத்துக்கு இலவச மாணவர் டிக்கெட் கிடைக்கும். கட்டிவிட்டீர்கள், போய்ப் பாருங்கள். சேர்வதற்கு முன்பே கட்டண விவரத்தை வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள். சில கல்லூரிகள் ‘பொதுக் கட்டணம்’ என்று ஒரே தொகையாகக் காட்டும், உள்ளே எவ்வளவு விளையாட்டுக்கு என்று தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒரு கல்லூரியின் உண்மையான கணக்கை எங்கே பார்ப்பது?

கூட்டாட்சி உதவித்தொகை வாங்கும், ஆண் பெண் இருபாலரும் படிக்கும், விளையாட்டு அணிகள் உள்ள எல்லாக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் விளையாட்டு வரவு செலவைக் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் என்சிஏஏவுக்கு அனுப்பும் விரிவான அறிக்கையைத் தகவல் கோரிப் பெறலாம். நைட்-நியூஹவுஸ் தரவுத்தளத்தில் அவற்றைத் தொகுத்தும் வைத்திருக்கிறார்கள்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல்வித் துறைப் பக்கத்தில் பல கல்லூரிகளுக்கு வரவும் செலவும் ஒரே தொகையாக, டாலர் பிசகாமல் இருக்கும். கல்லூரி பொது நிதியிலிருந்து கொடுத்ததையும் மாணவர் கட்டணத்தையும் வரவில் சேர்த்துவிடுவதால் வரும் சமன் அது. விரிவான அறிக்கையில் ‘மாணவர் கட்டணம்’, ‘கல்லூரி நேரடி ஆதரவு’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த இரண்டையும் மொத்த வரவிலிருந்து கழியுங்கள். மீதி வருவதுதான் விளையாட்டுத் துறை சொந்தமாக ஈட்டியது. ஏறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பும், ஏறி ஐந்து ஆண்டு கழித்தும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.